சான்றுப்பொருள் அறையில் ஒரு கசிவு

வெள்ளி பதினொன்றரைக்கு அழைப்பு:
புதுக்கடைக் கோர்ட்டில், சான்றுப்பொருள் அறைச் சுவருக்குள்
பைப் ஒழுகுது, உடனே வா.

போகிற வழியில் குவாரி வீதியில் இறங்கினேன்.
மர்சூக் கடையில் வெள்ளை டேப் மட்டும் தொங்கியது.
"பழைய ஜீ.ஐ. குழாய். டேப் நிற்காது" என்றேன்.
ஏணி வைத்து ஏறி
பரணிலிருந்து ஒரு கட்டை எறிந்தான்.
குதிரைவால் நிறம்,
பொன்னுமில்லை சாம்பலுமில்லை.
உறையில் ஏழு விரல் இலையொன்று அச்சடித்திருந்தது.
நான் கவனிக்கவில்லை.

அறைவாசல் சார்ஜன் கவனித்தார்.
"மொகக்த மே?"
"சணல், சேர்."
"இலை?"
"செடி அதுதான், சேர்.
தலைக்கேறுவது கொழுந்தில்.
தண்ணீரை நிறுத்துவது தண்டில்."
முகர்ந்தார். வைக்கோல் வாசம்.
சிரிக்கவுமில்லை, திருப்பித் தரவுமில்லை.
சுவரின் நீர் அவர் சப்பாத்தைத் தொட்ட பிறகு
தந்தார்.

உள்ளே
தராசு, கத்தி, ஒற்றைச் செருப்பு,
கறை பழுப்பேறிய தலையணை உறை.
கீழ்த்தட்டு முழுக்க
என் கையிலிருந்த நாரின் உறவுகள்,
அரக்கு முத்திரையோடு, கடதாசிக்குள்.
ஒன்று நனையத் தொடங்கியிருந்தது.
எழுத்துக் கூட்டினேன்: பதினொரு கிராம்.
றொய்ஸ்டன், புளூமெண்டல் வீதி, வயது இருபத்திரண்டு.
இரண்டில் ஒரு இரண்டு கரைந்து
மற்றது மட்டும் மிஞ்சியிருந்தது.
"தொடாதே" என்றார் கிளார்க் சோமவீர.
பிறகு தன் குடை நுனியால்
அதைத் தானே ஈரமில்லாத பக்கம் தள்ளிவிட்டார்.

மரையை வாள் அலகால் கீறி,
நாரைப் பிரித்து, வலஞ்சுழியாய்ச் சுற்ற வேண்டும்.
இடஞ்சுழி என்றால் முடுக்க முடுக்க அவிழும்.
கைக்கு வேலை, வாய்க்கு இல்லை.
சோமவீர தமிழ் தெரிந்தவர், கேட்டார், சொன்னேன்:
முகத்துவாரத்தில் மச்சான் செபமாலை
தோணிப் பலகை இடுக்கில் இதைத்தான் உளியால் திணிப்பான்.
கபோஸ் லேனில் நித்திரை வராதவர்கள் லேகியமாய் வாங்குவார்கள்,
அதற்குப் பற்றுச்சீட்டு உண்டு.
விதை கிளிக்கு. எண்ணெய், யாருக்கோ முழங்காலுக்கு.
அந்தக் காலத்துக் கப்பலில் பாயும் இது,
பாயை இழுத்த கயிறும் இது,
இறங்கி வந்தவன் சட்டம் எழுதிய தாளும் இதுதான்
என்பான் மர்சூக்.
அவன் பாதி நேரம் கயிறு திரிப்பான்.

"அது மேல்மாடியில்" என்றார் சோமவீர.
கூரைக்கு மேலே யாரோ சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

வால்வைத் திறந்தோம்.
முதலில் இரண்டு சொட்டுக் கசியும், பயப்படக் கூடாது.
நார் நனையும், வீங்கும்,
உள்ளே நுழைந்த தண்ணீரே
தன் வழியை அடைத்துக்கொள்ளும்.
டேப்புக்கு இது தெரியாது.
கீழே பழைய பேப்பர் ஒன்றை விரித்து
நானும் சார்ஜனும் சோமவீரவும்
பன்னிரண்டு நிமிடம் அதையே பார்த்து நின்றோம்.
காய்ந்தே கிடந்தது.

பில்லில் 'பொருள்' என்ற இடத்தில்
அவர் பேனை நின்றது.
மூன்று மொழியிலும் அந்தச் சொல்
அந்த அறையில் எழுதக் கூடாததாய் இருந்தது.
நூல், ஒன்று, என்று எழுதினார்.
நனைந்த கோவையொன்றின் நாடா அறுந்திருந்தது.
மிச்சத்தில் ஒரு பிரி கேட்டு வாங்கி
குறுக்கும் நெடுக்குமாய்க் கட்டி வைத்தார்.
யாருடைய கோவை என்று நான் பார்க்கவில்லை.
காசு ஆறு வாரத்தில் வருமாம்.

உள்ளே போகும்போது சோதிக்காதவர்கள்
வெளியே வரும்போது பையைக் கொட்டினார்கள்:
அரைக் கட்டு நார், ரென்ச், ஆறிப்போன சோற்றுப் பார்சல்.
பார்சலைத்தான்
வெகுநேரம் அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள்.